சிதறும் கவனம், தேங்கும் பணி

நுழையும்முன்

ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்பவரைத் திறமையாளர் என்று உலகம் போற்றுகிறது. ஆனால், பலர் கூடிப் பணியாற்றும் இடத்தில் இப்பழக்கம் வேலையை விரைவுபடுத்துகிறதா, தாமதப்படுத்துகிறதா? இவ்வினாவை ஆராய்ந்து தன் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

முடியாத அறிக்கை

காலை 10 மணி. ஓர் அலுவலகத்தில் கணக்காளர் ஒருவர் மாத வரவு செலவு அறிக்கையைத் தயாரிக்க அமர்கிறார். முதல் பக்கத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் கைப்பேசி ஒலிக்கிறது. அலுவலகக் குழுவில் ஒரு செய்தி. அதற்கு விடையளித்துவிட்டுத் திரும்பினால், மேலாளரிடமிருந்து அவசர மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதைப் பாதி படிக்கும்போதே பக்கத்து மேசை நண்பர் பழைய கோப்பு ஒன்றைக் கேட்கிறார். கோப்பைத் தேடும் வேளையில் கூட்டத்துக்கு அழைப்பு வருகிறது. கூட்டத்தில் அமர்ந்தபடியே மடிக்கணினியில் அறிக்கையைத் தொடர்கிறார். மாலை 6 மணிக்கு அவர் களைத்துப் போயிருக்கிறார், அறிக்கையோ முடியவில்லை. அந்த அறிக்கையைக் கொண்டு ஊதியப் பட்டியலைத் தயாரிக்க வேண்டியவரும், பொருள்கள் வாங்க ஆணை அனுப்ப வேண்டியவரும் நாள் முழுவதும் காத்திருந்துவிட்டு வீடு திரும்புகின்றனர்.

அந்தக் கணக்காளர் சோம்பேறி அல்லர். அன்று அவர் ஒரு நிமிடமும் ஓய்ந்திருக்கவில்லை. ‘எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிப்பவர்’ என்ற நற்பெயரும் அவருக்கு உண்டு. வேலைவாய்ப்பு விளம்பரங்கள் பலவும் இத்திறனை ஒரு தகுதியாகவே கேட்கின்றன. ஆனால், தனிமனிதரின் சுறுசுறுப்பாகத் தோன்றும் இப்பழக்கம், குழுவாகப் பணியாற்றும் இடத்தில் வேகத்தைக் குறைக்கிறது; தரத்தையும் கெடுக்கிறது. அதனால் வரும் இழப்பை அவர் மட்டும் சுமப்பதில்லை. அவருடைய பணியை எதிர்பார்த்திருக்கும் பிறரும் சுமக்கின்றனர்.

கணினி தந்த சொல்

‘பல்பணி’ என்று இன்று வழங்கப்படும் கருத்து மனிதரைப் பற்றிப் பிறந்ததன்று. 1960களில் கணினித் துறையில் அது வழக்குக்கு வந்தது. ஒரே செயலி பல நிரல்களை ஒருங்கே இயக்குவதுபோல் தோன்றும் முறையை அது குறித்தது. ‘தோன்றும்’ என்னும் சொல்லே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒற்றைச் செயலி ஒரு கணத்தில் ஒரு நிரலையே இயக்குகிறது. சிறிது நேரம் ஒன்றை இயக்குகிறது. அது நின்ற இடத்தைக் குறித்துவைக்கிறது. பின்னர் மற்றொன்றை எடுத்து, அது முன்பு நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது. இம்மாற்றம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நிகழ்வதால், பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகவே நடப்பதாகத் தெரிகிறது. அப்போதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிறிது நேரம் செலவாகிறது. நிரல்கள் அளவு மீறினால், நினைவகத்தில் தரவுகளை இடம் மாற்றுவதிலேயே பொழுது கழிந்து கணினி திணறிப்போகிறது.

கணினியால், தான் நின்ற இடத்தைத் துல்லியமாகக் குறித்துவைக்க முடியும். மனித மனத்தால் அது முடிவதில்லை. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட இருவகைக் கணக்குகளை மாறிமாறிச் செய்வதற்குக் கூடுதல் நேரம் ஆவதை, 1927இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு தம் ஆய்வால் காட்டினார். 2001இல் ரூபின்ஸ்டீன், மேயர், எவன்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, பணியின் விதிகள் சிக்கலாக ஆக, மாறுவதற்கு ஆகும் நேரமும் கூடுவதை எடுத்துரைத்தது. முடியாத பணியை விட்டு எழுந்து அடுத்த பணிக்குச் செல்பவரின் மனத்தில் முந்தைய பணியின் நினைவு தங்கிவிடுகிறது என்று 2009இல் சோஃபி லெராய் விளக்கினார். அதனை அவர் ‘கவன எச்சம்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். புளி கரைத்த பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே பாலை ஊற்றினால் பால் திரிந்துவிடும். கவன எச்சத்தோடு தொடங்கும் அடுத்த பணியின் நிலையும் அதுவே.

ஓர் எளிய கணக்கு

பணி மாறுவதால் நேரமே செலவாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் பல்பணியால் இழப்பு உண்டு. அதனை எளிய கணக்கு ஒன்றால் அறியலாம். ஒருவரிடம் மூன்று பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 நாள்கள் தேவை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதல் பணி 3ஆம் நாளிலும், இரண்டாவது 6ஆம் நாளிலும், மூன்றாவது 9ஆம் நாளிலும் முடியும். மூன்றையும் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் முதல் பணி 7ஆம் நாளிலும், இரண்டாவது 8ஆம் நாளிலும், மூன்றாவது 9ஆம் நாளிலும் முடியும். முன்னதில் ஒரு பணி முடியச் சராசரியாக 6 நாள்கள். பின்னதில் 8 நாள்கள். செய்தவருக்கு இரண்டு முறையிலும் 9 நாள் உழைப்புதான். ஆனால், முதல் பணிக்காகக் காத்திருந்தவர் 4 நாள்களை இழந்தார். இரண்டாவது பணிக்காகக் காத்திருந்தவர் 2 நாள்களை இழந்தார். மூன்றாமவருக்கோ ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை.

குழுவுக்கும் இது பொருந்தும். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் வரிசைகள் பற்றிய விதி ஒன்றை நிறுவினார். கையில் நடைபெறும் பணிகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் பணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பணி முடியச் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்பது கிடைக்கும். நாளொன்றுக்கு 2 விண்ணப்பங்களை முடிக்கும் அலுவலகத்தில் 12 விண்ணப்பங்கள் நடைமுறையில் இருந்தால், ஒவ்வொன்றும் முடிய 6 நாள்கள் ஆகும். அதே அலுவலர்கள் அதே வேகத்தில் 24 விண்ணப்பங்களைக் கையில் எடுத்தால் 12 நாள்கள் ஆகும். தொடங்கியவை பெருகினவே தவிர, முடிந்தவை பெருகவில்லை.

காத்திருப்பவரும் கைகட்டி இருப்பதில்லை. அவர் வேறொரு பணியைத் தொடங்குகிறார். எதிர்பார்த்தது வந்து சேரும்போது அதனைப் பாதியில் நிறுத்துகிறார். இப்போது அவர் கையிலும் முடியாத பணிகள் இரண்டு. அவருக்காகக் காத்திருக்கும் அடுத்தவரும் அவ்வாறே செய்கிறார். இப்படி ஒருவரின் கவனச் சிதறல் குழு முழுவதும் பரவுகிறது. அனைவரும் ஓய்வின்றி உழைக்கின்றனர், எதுவும் முடிவதில்லை.

தரத்தின் விலை

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; பிழையைப் பொறுத்துக்கொள்ள முடியாத இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள 2 மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து அளிக்கும் முறையை ஆய்வாளர்கள் நேரில் கவனித்துப் பதிவுசெய்தனர். 2010இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, மருந்து தரும்போது நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்து தொடர்பான பிழைகள் 12.7 விழுக்காடு கூடியிருந்தன. குறுக்கிட்டுக் கேள்வி கேட்டவர் தீயவர் அல்லர். விடை சொன்ன செவிலியரும் கவனமற்றவர் அல்லர். ஒரு நோயாளியின் அளவைக் கணக்கிடும் வேளையில் மற்றொரு நோயாளியைப் பற்றிப் பேசலாம் என்னும் பழக்கத்திலேயே பிழை இருந்தது.

வான்வழிப் போக்குவரத்து இப்பாடத்தை உயிர்களை இழந்தே கற்றது. 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று ஓடுபாதையை அடையும் முன்னரே விழுந்து நொறுங்கியது. விமானிகள் தரையிறங்கும் நேரத்திலும் தொடர்பற்ற செய்திகளைப் பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1981இல் அந்நாட்டு வான்வழி நிருவாகம் ஒரு விதியை வகுத்தது. புறப்படும்போதும் தரையிறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும் பிற கட்டங்களிலும், விமானத்தைப் பாதுகாப்பாக இயக்கத் தேவையற்ற எப்பணியையும் எப்பேச்சையும் விமானிகள் மேற்கொள்ளக் கூடாது என்பதே அவ்விதி. கவனத்தைக் காப்பது தனிமனிதரின் மனவுறுதியைச் சார்ந்தது என்று அவ்விதியை வகுத்தோர் விட்டுவிடவில்லை. அதனைக் குழுவின் கடமையாக்கினர்.

மறுப்பும் விடையும்

‘நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திய சதாவதானிகள் பிறந்த நாட்டில் இவ்வாறு கூறலாமா?’ என்று கேட்போர் உண்டு. 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களை நிகழ்த்திக்காட்டிச் ‘சதாவதானி’ எனப் பாராட்டப்பெற்றது உண்மை. ஆனால், ‘அவதானம்’ என்னும் சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். நெடுங்காலம் பயின்ற நினைவாற்றலைக் கொண்டு, அரங்கில் வரையறுத்த நேரத்துக்கு நிகழ்த்தப்படும் அருங்கலை அது. அவையினர் அதனைக் கண்டு வியந்ததற்குக் காரணமே, எல்லாராலும் அது இயலாது என்பதுதான். அரிய கலையொன்றை அலுவலகத்தின் அன்றாடக் கடமையாக்குவது அக்கலைக்கும் பெருமையன்று, பணிக்கும் நன்மையன்று.

மற்றொரு மறுப்பு இதனினும் வலிமையானது. 2008இல் குளோரியா மார்க்கும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீட்டுக்கு உள்ளானவர்கள் பணியைச் சற்று விரைவாகவே முடித்தனர். தரத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே, பல்பணியால் கேடில்லை என்று வாதிடலாம். அதே ஆய்வு, அவர்கள் கூடுதலான மன அழுத்தத்தையும் எரிச்சலையும் நெருக்கடி உணர்வையும் அடைந்ததையும் பதிவுசெய்தது. இழந்த நேரத்தை அவர்கள் தங்கள் நலத்தைச் செலவிட்டு ஈடுகட்டினர். ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரம் ஓடிக் காட்டிய வேகத்தை ஆண்டு முழுவதும் ஓட ஒருவராலும் இயலாது.

வரவேற்பாளர், தீயணைப்பு நிலையத்தில் அழைப்புகளை ஏற்பவர் போன்றோருக்குக் குறுக்கீடுகளை ஏற்பதே பணி என்பதும் உண்மைதான். அத்தகைய பணியைச் சிலரிடம் முறைவைத்து ஒப்படைத்தால் மற்றவர்களின் கவனம் காக்கப்படும்.

தீர்வு யார் கையில்?

இந்திய ரயில்வேயில் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்போது, பொதுவாக மற்றொரு ரயிலுக்கு அதில் நுழைய அனுமதி இல்லை. இதனால் ரயில்கள் ஓடுவது நின்றுவிடவில்லை, பாதுகாப்பாக ஓடுகின்றன. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ வளர்த்த ‘கான்பான்’ முறையின் அடிப்படையும் இதுவே. அடுத்த நிலையில் உள்ளவர் அட்டை வழியே கேட்கும்போதுதான் முந்தைய நிலையில் உள்ளவர் பொருளைச் செய்கிறார். இன்று மென்பொருள் குழுக்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றி, நடைபெறும் பணிகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கையை வகுத்துக்கொள்கின்றன. கையிலுள்ளது முடிந்த பின்னரே புதியது தொடங்கப்படுகிறது.

‘கைப்பேசியை அணைத்து வையுங்கள், மனத்தை ஒருமுகப்படுத்துங்கள்’ என்று ஊழியர்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால், ஐந்து பணிகளை ‘இன்றே வேண்டும்’ என்று ஒப்படைத்தவரே அவ்வறிவுரையைக் கூறுவதில் பொருளில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் இளைய ஊழியர் ஒருவரால் ‘முடியாது’ என்று சொல்ல இயலாது. ஆனால், ‘இதனை இப்போது எடுத்துக்கொண்டால், கையிலுள்ளவற்றுள் எதனை நிறுத்திவைக்கட்டும்?’ என்று அவரால் கேட்க முடியும். அவ்வினாவைக் கீழ்ப்படியாமை என்று கருதாமல், முன்னுரிமையை முடிவுசெய்து விடை கூறுவதே மேலாளரின் பணி. அந்த விடை கிடைத்திருந்தால் கணக்காளரின் அறிக்கை நண்பகலிலேயே முடிந்திருக்கும். ஊதியப் பட்டியலும் அன்றே தயாராகியிருக்கும்.

சொல்லும் பொருளும்

பல்பணி – ஒரே நேரத்தில் பல பணிகளை மேற்கொள்ளுதல்
செயலி – கணினியில் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதி
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு
எச்சம் – மிச்சம்
குறுக்கீடு – இடையில் தோன்றும் தடை
சதாவதானி – நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்துபவர்

பயிற்சி

1. கணக்காளரின் அறிக்கை முடியாமைக்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. ‘கவன எச்சம்’ என்பதை உம் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குக.
3. ஒருவரிடம் இரண்டு பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 4 நாள்கள் தேவை. ஒன்றன்பின் ஒன்றாகவும், நாளுக்கு ஒன்றாக மாற்றியும் செய்தால் அவை முடியும் நாள்களைக் கணக்கிட்டு ஒப்பிடுக.
4. ‘கவனத்தைக் காப்பது குழுவின் கடமை’ – இக்கருத்தை ஏற்கிறீரா? மறுக்கிறீரா? காரணம் தந்து ஒரு பத்தி எழுதுக.