ஈரத் தானியமும் மகனின் கார்டும்



சென்ற மாதம் ஒருநாள், குர்ஆன் மத்ரஸா விடும் நேரத்தில் ஓர் உம்மா தம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜிந்துப்பிட்டியில் என்னிடம் ஓதும் பிள்ளைதான், 12 வயது. "ஹஸ்ரத், கார்ட் வாங்க வேணும் என்று இவன் கரைச்சல் தந்ததால என்ட சீட்டுக் காசில 6,000 ரூபா எடுத்து அனுப்பினேன். வந்தது போலிக் கார்டாம். அந்தக் காசு திரும்பக் கிடைக்க ஏதும் வழி இருக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கார்ட் என்னவென்று அறியாத தாய்மார் உங்களில் பலர் இருக்கலாம். நாம் சிறுவர்களாக இருந்தபோது முத்திரை சேர்த்தோம், தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். இன்றைய பிள்ளைகள் காற்பந்து வீரர்களின் கார்டுகளையும், 1996இல் ஜப்பானில் வெளியாகத் தொடங்கிய போகிமொன் கார்டுகளையும் சேர்க்கின்றனர். அரிதான கார்டுக்கு விலை அதிகம். நாம் முத்திரை மாற்றியது பக்கத்து வாங்கில் இருந்த கூட்டாளியோடு. இவர்கள் மாற்றுவதோ முகம் தெரியாதவர்களோடு, கைத்தொலைபேசியில். உம்மா சமையலறையில் இருக்க, மகன் வரவேற்பறையில் ஒரு சந்தையின் நடுவே நிற்கின்றான்.

அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். ஒருவன் அழகான படம் ஒன்றை அனுப்பியிருக்கின்றான். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இப்போதே காசு போட்டால் உனக்கு" என்று அவசரப்படுத்தியிருக்கின்றான். காசு போனது. ஐந்தாம் நாள் தபாலில் வந்த கார்டின் நிறமே மங்கல், எழுத்தும் வேறு. கேட்டபோது மறுபக்கம் பதிலே இல்லை.

"சரி மகன், அந்தக் கார்டைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். உம்மாவும் அப்போதுதான் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். நான்கு தடவை கேட்ட பின்னர் வாய் திறந்தான். அடுத்த ஒழுங்கையிலுள்ள 9 வயதுச் சிறுவனிடம், அசல் கார்ட் என்று சொல்லி 1,500 ரூபாவுக்கு அதை விற்றுவிட்டானாம்! "நான் அதைச் செய்யல்லையே ஹஸ்ரத், எனக்கும் அப்படித்தானே தந்தாங்க" என்றான்.

சகோதரிகளே, இந்தப் பதிலைக் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் என் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் சொன்னது பொய்யல்ல. அவர் தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் பெய்தது. ஆனால் மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள்; ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் எச்சரித்தார்கள். மழை பெய்தது அம்மனிதரின் குற்றமல்ல. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றம். நம் பிள்ளைக்கும் ஒரு மழை பெய்தது. அவனும் நனைந்ததை அடியில் போட்டு விற்றான்.

பிள்ளை ஏமாந்து வந்தால் நாம் பதறுகின்றோம், அயலவரிடம் சொல்லிக் குறைப்படுகின்றோம். அவன் ஏமாற்றி 1,500 ரூபாவோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொல்வதானால், சில வீடுகளில் அதைக் "கெட்டித்தனம்" என்றுகூடச் சொல்கின்றனர்.

இனி, சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பருவமடையாத பிள்ளை தானாகச் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது. ஆகவே பேரம் பேசும் பொறுப்பு பெற்றோருடையது. முழுக் காசையும் முற்கூட்டிக் கொடுத்துப் பின்னர் பொருளைப் பெறும் வியாபாரத்துக்கு 'ஸலம்' என்று பெயர். மதீனாவாசிகள் பேரீச்சம் பழத்துக்கு இவ்வாறு முற்பணம் கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நிபந்தனையிட்டார்கள். எங்கும் கிடைக்கும் பொருளுக்கே இது பொருந்தும். கிடைப்பதற்கரிய பொருளில் ஸலம் கூடாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கின்றார்கள். அரிய கார்ட் என்பதற்காகத்தானே இவ்வளவு விலை? அப்படியானால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வரி இன்றைய பிள்ளையின் 6,000 ரூபாவைக் காப்பாற்றியிருக்கும்!

நேரில் பார்க்க வசதியில்லையென்றால், ஒரு துண்டுக் கடதாசியில் அன்றைய திகதியையும் உங்கள் பெயரையும் எழுதி, கார்டின் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் புதிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொருவரின் படத்தைத் திருடி வைத்திருப்பவனால் இது எளிதில் முடியாது. ஏதாவது சாக்குச் சொல்வான். ஆனால் படம் சரியாக வந்தாலும் கார்ட் வந்து சேரும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. பொருளைப் பார்த்த பின்னர் காசு கொடுக்கும் முறைக்குச் சம்மதிக்காதவனை விட்டுவிடுவதே மேல். பக்கத்துச் செட்டியார் தெருவில் பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. நாமும் அதற்காகக் கோபிப்பதில்லை. கையில் வாங்குவதென்றால் பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், வாப்பாவோ மாமாவோ கூடப் போக வேண்டும். பிள்ளையைத் தனியே அனுப்பக் கூடாது.

உங்கள் பிள்ளை விற்பவனாக இருந்தால் ஏமாற்று வேறு விதமாக வரும். காசு போட்டாயிற்று என்று வங்கிச் சீட்டின் படத்தை அனுப்புவார்கள். அந்தப் படத்தை யாரும் செய்துகொள்ளலாம். கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பொருள் கைமாற வேண்டும். வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. காசு பெறுவதற்கு அந்த இலக்கம் தேவையே இல்லை.

ஏலம் கேட்கும் குழுக்களில் இன்னொரு தந்திரம் உண்டு. விற்பவனின் கூட்டாளியே வாங்குபவன் போல நுழைந்து விலையை ஏற்றிவிடுவான். இதற்குப் பெயர் 'நஜ்ஷ்'. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இதற்குத் தடை வந்துள்ளது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்கின்றனர். ஹராம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒட்டிய பெட்டியை நம்பலாமா என்று கேட்பீர்கள். லோகன் போல் என்ற பிரபல அமெரிக்கர் போகிமொன் கார்ட் பெட்டித் தொகுதி ஒன்றை 35 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அசல்தான் என்று முன்னர் பரிசோதித்தும் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில் திறந்தால் உள்ளே இருந்தவை வேறொரு விளையாட்டுப் பொம்மையின் மலிவுக் கார்டுகள்! மேலும், உள்ளே அரிய கார்ட் இருக்குமா என்ற அதிர்ஷ்டத்துக்காகவே பைக்கட் பைக்கட்டாக வாங்குவதில் சூதாட்டத்தின் வாடை இருக்கின்றது. 2001இல் சவூதி அரேபியா போகிமொனைத் தடைசெய்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் சூதாட்டமும் ஒன்று. (உருவப்படங்கள் பற்றிய சட்டத்தை இன்ஷா அல்லாஹ் வேறொரு மாதம் பார்ப்போம்.) ஒரு கார்டுக்கு இரண்டு கார்ட் மாற்றுவது வட்டியாகுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஆகாது. அந்தச் சட்டம் தங்கம், வெள்ளி, பேரீச்சை, கோதுமை போன்றவற்றுக்கு உரியது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். அவைதாம் சாட்சி. உடனே வங்கிக்கு அறிவியுங்கள்; பொலிஸாரின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவிலும் முறையிடலாம். கணினிக் குற்றங்களுக்கு நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. தொகை சிறிதென்று எல்லோரும் பேசாமல் இருப்பதுதான் அந்த ஆளுக்கு முதல்.

அந்த உம்மா வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கின்றார். நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ஆனால் அதற்கு முன்பே, அன்று மஃரிபுக்குப் பின் மகனை அழைத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார். 1,500 ரூபாவையும் அந்தச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் அவனுடைய உம்மாவின் கையில் கொடுக்கும்படி சொல்லியிருந்தேன், சட்டமும் அதுதான். மகன் வாயாலேயே நடந்ததைச் சொன்னான். காசை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சின்னவன் கார்டைத் திருப்பித் தர மறுத்து, போலியென்றாலும் பரவாயில்லை, படம் வடிவு என்று அழத் தொடங்கிவிட்டானாம்.

மறுநாள் அந்த உம்மா என்னிடம் வந்து, அதை அவனுக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டார். பிள்ளையின் பொருளைத் தானம் செய்யப் பெற்றோருக்கும் அனுமதியில்லை. ஆனால் அந்தக் கார்ட் வாங்கியது அவருடைய சீட்டுக் காசில். ஆகையால் அது அவருடையது, தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். போலி என்று பின்பக்கத்தில் பேனையால் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னேன். நாளை அந்தச் சின்னவனும் வளர்வான் அல்லவா?