பிள்ளையின் தட்டில் விழுவது தர்மச் சோறு அல்ல



ஒவ்வொரு ஆண்டும் நல்லூர்த் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போய் வருகிறோம். 25 நாள் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கிறோம். அன்னதானப் பந்தியில் வயிறாரச் சாப்பிடுகிறோம். ஊர் பேர் கேட்காமல் பரிமாறுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது புண்ணியம். ஆனால் பாடசாலையில் பிள்ளைக்குக் கிடைக்கும் சோறு புண்ணியம் அல்ல, உரிமை. இந்த இரண்டையும் குழப்புகிறவர்களோடுதான் நமது வழக்கு.

காலையில் தாய் பெரட்டுக்கு ஓடுகிறாள். பிள்ளை தேயிலைத் தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மலையேறி வருகிறது. இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்கிறது. 'சோம்பேறி' என்று ஆசிரியர்களாகிய நாங்களே திட்டியிருக்கிறோம். வெட்கத்தோடு சொல்கிறோம்: அது சோம்பல் அல்ல, பசி. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது 32.

தர்மத்தின் குறை என்ன? யாருக்குக் கொடுப்பது, எங்கே உட்கார வைப்பது என்பதைக் கொடுப்பவனே தீர்மானிப்பான். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பல உயிர்களைக் காத்தார். அதை மறக்கவில்லை. ஆனால் அதே யாழ்ப்பாணத்தில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சம ஆசனமும் சம போசனமும் கேட்டபோது பாடசாலைகளையே கொளுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடைத்தது யாருடைய இரக்கத்தாலும் அல்ல, போராட்டத்தால்.

கடல் கடந்து பாருங்கள். தமிழ்நாட்டில் காமராசர் 1956இல் மதிய உணவைப் பரவலாக்கினார். 2001 நவம்பர் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. அன்றிலிருந்து அது சலுகை இல்லை. கொடுக்காவிட்டால் கேள்வி கேட்கலாம்.

இங்கே 2024 மார்ச்சில் 1ஆம் தரம் முதல் 5ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் 6ஆம் தரத்துக்குப் போனதும் பெரும்பாலான பாடசாலைகளில் தட்டு நின்றுவிடுகிறது. பசி 5ஆம் தரத்தோடு பாஸாகிப் போய்விடுமா? சமைத்துக் கொடுக்கும் பெண்ணும் நம்மில் ஒருத்திதான். காசு பிந்தினால் அவள் கடைக்காரனிடம் கடன் சொல்கிறாள். கடன் ஏறினால் முட்டை குறைகிறது, பருப்பு தண்ணீராகிறது. கை கழுவக் குழாயில் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தச் சோறே வயிற்றுப்போக்காகிறது.

'சங்கத்துக்கு நாட்சம்பளம் பேசுவதுதானே வேலை' என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளையின் தட்டும் சம்பளத்தின் பகுதிதான். அந்த ஒரு நேரச் சாப்பாடு நின்றால், அந்தச் செலவு தாயின் கொழுந்துக் கூடையில்தான் ஏறும்.

ஆகவே நாம் கேட்பது:

1. 6ஆம் தரத்துக்கு மேலும் உணவு தொடரவேண்டும்.
2. சமைப்பவருக்கு மாதம் தவறாமல் காசு கொடுக்கவேண்டும்.
3. ஒவ்வொரு பாடசாலையிலும் சுத்தமான தண்ணீரும், பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள மலசலகூடமும் வேண்டும்.
4. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை வேலை நாளில் காலையில் வைக்கக்கூடாது. அரை நாள் பேர் இழந்து எந்தத் தாய் வருவாள்? ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

தாய்மாரே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் பாடசாலைக்குள் வந்து தட்டைப் பாருங்கள். முட்டை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதிபர் கோபிக்கமாட்டார், கோபித்தால் சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.

நல்லூர்ப் பந்தியில் கும்பிட்டு வாங்குவோம். பாடசாலையில் நிமிர்ந்து நின்று கேட்போம்.