சான்றிதழின் சதவீதமும் குழந்தையின் ஜீவனாம்சமும்

மணவிலக்கால் கணவன் - மனைவி உறவு முடிவுக்கு வரலாம். ஆனால், தந்தை, தாய் என்கிற உறவை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் முடித்துவைப்பதில்லை. அதனால்தான் மணவிலக்கு வழங்கும்போதே குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் நீதிமன்றம் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, அத்தொகையைச் செலுத்திவரும் தந்தை விபத்தில் காலை இழந்தாலோ, பக்கவாதத்தால் முடங்கினாலோ, அந்த உத்தரவு என்னவாகும்?

சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்கிறது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆவது பிரிவில் இருந்த இதே வாய்ப்பு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 146-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. தொகையைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும்.

சிக்கல், அந்த மாற்றத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இருக்கிறது. உடல் திடமுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறியது. உடல் திடம் இல்லாதவர் விஷயத்தில், 75 சதவீதக் குறைபாட்டுடன் ஊன்றுகோலின் துணையால் நடமாடும் ஒருவரை மனைவிக்கு ஜீவனாம்சம் தருமாறு கட்டாயப்படுத்த முடியாது என்று 2024-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் கருதியது. இதை அப்படியே குழந்தைகளின் பராமரிப்புக்கும் நீட்டித்து, மருத்துவச் சான்றிதழைக் காட்டினாலே பொறுப்பு நீங்கிவிடும் என்று எவரேனும் எண்ணினால் அது தவறு.

சான்றிதழில் உள்ள சதவீதம் உடலின் நிலையைச் சொல்லும். வருவாய் ஈட்டும் திறனைச் சொல்லாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2011-இல் உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், அவரது வருவாய் இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால், வேலை போகாமலும் இருக்கலாம். இழப்பீட்டைக் கணக்கிட உதவும் இந்த அளவுகோல், ஜீவனாம்சத்தைத் திருத்தவும் பொருந்தும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, பணிக்காலத்தில் குறைபாட்டுக்கு உள்ளாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ, பதவியிறக்கவோ முடியாது. அதே ஊதியத்தில் வேறு பணி தரப்பட வேண்டும். அப்படிப்பட்டவர் குழந்தைக்கான தொகையைக் குறைக்கக் கோருவதற்கு முகாந்திரம் குறைவு. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த கொத்தனாரின் நிலை வேறு. அவரிடம் பழைய தொகையையே கேட்பது நியாயமாகாது.

அந்தக் கொத்தனாருக்குச் சட்டம் இழைக்கும் அநீதி ஒன்று உண்டு. இடைக்கால ஜீவனாம்ச மனுக்களை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று விதித்த சட்டம், தொகையைத் திருத்தக் கோரும் மனுவுக்கு அத்தகைய காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. மனு நிலுவையில் இருக்கும்வரை பழைய உத்தரவே செல்லும். பாக்கி ஏறிக்கொண்டே போகும். போதிய காரணமின்றிச் செலுத்தாதவருக்கு, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் இடமுண்டு. காரணம் போதுமானதா என்பதை நிரூபிக்க, நடக்க இயலாதவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

குறைபாடு தந்தைக்கு மட்டும் வருவதில்லை. குழந்தையை வளர்க்கும் தாய் முடங்கினால், அவரது வருவாய் நிற்கும்; மருத்துவச் செலவு கூடும். அப்போது தந்தை தரும் தொகை உயர்த்தப்பட வேண்டும். வாழ்க்கைத் துணைக்கோ குழந்தைக்கோ உள்ள கடும் குறைபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்கவும் அவை பணிக்கின்றன. திருத்த மனுக்களிலும் இதைத் தவறாமல் கேட்டால், பொய்யான முடக்கமும் வெளிப்படும். மெய்யான துயரமும் வெளிப்படும்.

பெற்றோரால் உண்மையிலேயே முடியாதபோது குழந்தையின் பசிக்கு யார் பொறுப்பு? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதக் குறைபாடு கொண்டவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். ஒருவருக்கே போதாத இத்தொகையில் குழந்தைக்கு எதைப் பங்கிடுவது?

திருத்த மனுக்களுக்கும் 60 நாள் காலக்கெடு வேண்டும். மனு செய்த நாளிலிருந்தே இடைக்காலத் திருத்தம் வழங்க வேண்டும். குறையும் தொகையை, குழந்தையின் பெயரில் அரசே ஈடுசெய்ய வேண்டும். இதற்கான சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஊனமுற்ற தந்தையைச் சிறைக்கு அனுப்புவதாலும் குழந்தையின் பசி தீராது; அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதாலும் தீராது.