மேப் சொல்லும் வழி போதாது

டீசல் விலையைப் பற்றிப் பேசாத ஏஜென்சிக்காரர் இல்லை. டெலிவரி வண்டிகளின் சுற்றை ஒழுங்காக வகுத்தால் அந்தச் செலவும் குறையும், புகையும் குறையும் என்று பேச்செடுத்தால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "டிரைவர் கையில் மேப் இருக்கிறது. குறுக்கு வழியை அதுவே காட்டிவிடும். அதற்கு மேல் திட்டம் போட என்ன இருக்கிறது?" மளிகைச் சாமான் ஏற்றிப் போகும் குட்டி யானை, தண்ணீர் கேன் வண்டி, கூரியர் வேன் எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் தினமும் கிளம்புகின்றன.

இந்த நம்பிக்கை தவறு. ஒரு வண்டி அன்றைக்கு எவ்வளவு டீசல் எரிக்கும் என்பதில் பெரும்பங்கு, சாவியைத் திருப்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தக் கடைக்கு எந்த நாள் என்று வாக்குக் கொடுக்கும்போதும், எந்தச் சரக்கு எந்த வண்டிக்கு என்று பிரிக்கும்போதும், எதை முதலில் இறக்குவது என்று யோசித்து லோடு ஏற்றும்போதும் அது முடிவாகிறது. மேப்புக்கு அதன் பிறகுதான் வேலை.

"மேப்பே வழி சொல்லிவிடும்" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்விக்கு மேப் அருமையாகப் பதில் சொல்கிறது. டெலிவரி வண்டியின் கேள்வி அதுவல்ல. கூகுள் மேப்பில் பல நிறுத்தங்களைப் போட்டால், நீங்கள் கொடுத்த வரிசையிலேயே வழி காட்டும்; வரிசையை மாற்றினால் நல்லதா என்று அது பார்ப்பதில்லை. பன்னிரண்டு கடைகளுக்குப் போக வேண்டிய வண்டிக்கு, போகும் வரிசைகள் மட்டும் 47 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. வண்டி இரண்டாகிவிட்டால் எந்தக் கடை எந்த வண்டிக்கு என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் தனி வரலாறே உண்டு. 1959இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர், ஒரு பெட்ரோல் கிடங்கிலிருந்து பல பங்க்குகளுக்கு டேங்கர் லாரிகளை எப்படிப் பிரித்து அனுப்பினால் மொத்த ஓட்டம் குறையும் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அறுபது வருடங்களுக்கும் மேலாக அறிஞர்கள் மல்லுக்கட்டும் ஒரு கணக்கை, போனில் இருக்கும் நீலக்கோடு தீர்த்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்த வாதம் இதைவிட ஆழமாக வேரோடியிருக்கிறது: "தூரம் குறைந்தால் டீசல் குறையும்." பாதி உண்மை என்பதால்தான் இது ஏமாற்றுகிறது.

ஒன்றரை டன் மொத்த எடையுள்ள ஒரு வண்டி சிக்னலில் நின்றுவிட்டு மறுபடி 40 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க, எஞ்சினில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், ஏறத்தாழ 10 மில்லி டீசல் செலவாகும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு அது 180 மீட்டர் ஓடுவதற்கான டீசல். ஆகவே ஆறு இடங்களில் நின்று கிளம்புவது மிச்சமானால், ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் நஷ்டமில்லை. கடைத்தெருவுக்குள் புகுந்து போகும் குறுக்கு வழி தூரத்தில் ஜெயிக்கலாம். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் பிரேக் பிடித்து வெளியே வருவதற்குள், தூரத்தில் மிச்சம் பிடித்ததை டேங்கில் இழந்துவிடும்.

திருப்பங்களும் அப்படித்தான். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். யுபிஎஸ் என்ற பெரிய பார்சல் நிறுவனம் இடப்பக்கத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்த்தே தன் சுற்றுகளை வகுக்கிறது. இடப்புறம் ஓட்டும் நமக்கு அந்தச் சிக்கல் வலப்பக்கத் திருப்பத்தில் இருக்கிறது. நடுவே தடுப்புச் சுவர் எழுப்பிய நம் சாலைகளில் எதிர்ப்பக்கத்துக் கடை ஒன்றைத் தொட, யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. போகும்போது இடப்பக்கத்துக் கடைகளை முடித்துவிட்டு, திரும்பும்போது மறுபக்கத்துக் கடைகளைத் தொட்டு வந்தால் அந்த அலைச்சல் மொத்தமும் போய்விடும்.

எடையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குடோனிலிருந்து கிளம்பிக் குடோனுக்கே திரும்பும் 20 கிலோமீட்டர் சுற்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கு மட்டும் 600 கிலோ அரிசி. மற்றவற்றுக்கெல்லாம் பிஸ்கட்டும் சோப்பும். அரிசிக் கடை ஒரு பக்கமாகப் போனால் இரண்டாவது கிலோமீட்டரில் வரும், மறுபக்கமாகப் போனால் பதினெட்டாவது கிலோமீட்டரில் வரும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் மொத்தத் தூரம் ஒன்றே. மேப்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் அந்த அரிசியை 16 கிலோமீட்டர் அதிகமாகச் சுமந்து திரிகிறோம். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது அதையும் சேர்த்தே இழுக்கிறோம். பெக்டாஷ், லாபோர்ட் என்ற ஆய்வாளர்கள் 2011இல் சுமை, வேகம், புகை ஆகியவற்றைச் சேர்த்துச் சுற்று வகுக்கும் கணக்கை முன்வைத்தபோது எடுத்துக்காட்டியதும் இதைத்தான்: மிகக் குறைந்த தூரமுள்ள சுற்றே மிகக் குறைவாக எரிக்கும் சுற்றாக இருக்க வேண்டியதில்லை.

டீசல் குறைவாகச் செலவாகும் வழியையும் கூகுள் மேப் காட்டுகிறதே என்று கேட்கலாம். 2021இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த வசதி கார்க்காரருக்கு நல்லது. உங்கள் வண்டியின் பின்னால் இப்போது 900 கிலோ இருக்கிறதா, 90 கிலோ இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

மூன்றாவது: "இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. மூன்று வண்டி வைத்திருப்பவனுக்கு எதற்கு?" பெரிய கம்பெனிக்குப் பெரிய பலன் கிடைக்கிறது என்பது உண்மை. யுபிஎஸ் தன் ஓரியன் மென்பொருளை 2016க்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 55,000 சுற்றுகளுக்குக் கொண்டுவந்தது. அதனால் வருடத்துக்குச் சுமார் 16 கோடி கிலோமீட்டர் ஓட்டமும், 3.8 கோடி லிட்டர் எரிபொருளும், ஒரு லட்சம் டன் கரியமில வாயுவும் மிச்சம் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. கோடிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். 55,000 வண்டிகளுக்குப் பங்கிட்டால் ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான் வருகிறது. தினமும் பத்து கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க மூன்று வண்டிக்காரருக்கும் வழி உண்டு.

அதற்கு மென்பொருள்கூட வேண்டாம். 1964இல் கிளார்க், ரைட் இருவரும் வெளியிட்ட முறையைப் பென்சிலும் தாளும் கொண்டு செய்யலாம். குடோனிலிருந்து முதல் கடை 8 கிலோமீட்டர், இரண்டாவது கடை 9 கிலோமீட்டர், இரண்டு கடைகளுக்கும் நடுவே 2 கிலோமீட்டர். தனித்தனியாகப் போய்வந்தால் 34 கிலோமீட்டர். ஒரே நடையில் தொட்டு வந்தால் 19. மிச்சம் 15. இப்படிக் கடைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதிக மிச்சம் தரும் ஜோடியிலிருந்து ஆரம்பித்து, வண்டி நிறையும் வரை இணைத்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் முறை. மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழக்கத்தில் ஓடும் சுற்றைவிட நல்லது பெரும்பாலும் கிடைத்துவிடும். கடைகளின் ஜாபிதாவும் இடைத்தூரங்களும் அடிக்கடி மாறுவதில்லை என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட கணக்கு பல மாதங்களுக்கு உதவும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாதமும் கேட்கிறது, அதுவும் படித்த வட்டாரத்தில்: "நல்ல மென்பொருள் வாங்கிவிட்டால் போதும். டிரைவர் அது சொன்னபடி ஓட்டினால் சரி." இதை மறுக்கும் சான்று மென்பொருளை நம்பியே வளர்ந்த நிறுவனத்திடமிருந்து வருகிறது. அமேசானும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் 2021இல் ஒரு போட்டி நடத்தின. ஐந்து அமெரிக்க நகரப் பகுதிகளில் ஓட்டுநர்கள் உண்மையாக ஓட்டிய ஆயிரக்கணக்கான சுற்றுகளை ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. கைதேர்ந்த ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்கச் சொன்னார்கள். கணினி போட்ட வரிசையிலிருந்து ஓட்டுநர்கள் விலகிப்போவதில் அறிவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அப்படி ஒரு போட்டி வைக்க முடியும்.

பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெரு அடைபடும், எந்தக் கடைக்காரர் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறப்பார், எந்தச் சந்தில் வண்டி உள்ளே போனால் ரிவர்ஸில்தான் வர வேண்டும், எந்த அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி சரக்கு லிஃப்டுக்குக் காக்க வைப்பார் என்பதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும். மூடிய கடைக்கு வண்டி போனால் சரக்கு அப்படியே திரும்பி வரும். மறுநாள் அதே தூரம் மறுபடி ஓட வேண்டும். எவ்வளவு சரியான கணக்கும் அந்த ஒரு ஷட்டரின் முன் தோற்றுவிடும். கணக்கு போடும் மேசையில் டிரைவருக்கும் நாற்காலி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு, நடைகளைக் குறைக்க அவர் யோசனை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மிச்சமாகும் டீசலில் அவருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

"எல்லாம் எலக்ட்ரிக் ஆகிவிடும், அப்புறம் புகைப் பேச்சே இல்லை" என்பவர்களுக்குச் சுருக்கமான பதில். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு அது கிலோமீட்டருக்கு 150 கிராம். இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. சிறிய மின்வண்டி கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எடுத்தாலும் 100 கிராமைத் தாண்டுகிறது. தெருவில் புகை இல்லாதது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் வீணாக ஓடும் கிலோமீட்டர் மின்வண்டியிலும் வீண்தான். பாட்டரி தீர்ந்தால் வழியில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளவும் முடியாது. சுற்றை வகுக்காமல் மின்வண்டி வாங்குபவர் இரண்டு வண்டி செய்யும் வேலைக்கு மூன்று வாங்க நேரிடும்.

கடைசியாக, இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் வாதம்: "வாடிக்கையாளர் உடனே கேட்கிறார். உடனே கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேகமாகவும் கொடுக்கலாம், டீசலையும் மிச்சம் பிடிக்கலாம், அதற்குத்தானே தொழில்நுட்பம்?" மற்ற எல்லாத் தவறுகளாலும் சேர்ந்து வீணாவதைவிட இந்த ஒன்றால் வீணாவது அதிகம் என்று நினைக்கிறேன்.

வேளச்சேரியில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள். ஒன்றுக்குக் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் என்றும், மற்றொன்றுக்கு மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் என்றும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. குடோன் மாதவரத்தில், 25 கிலோமீட்டர் தள்ளி. அந்த இரண்டு வீடுகளையும் இனி எந்தக் கணினியாலும் ஒரே நடையில் சேர்க்க முடியாது. இரண்டாவது நடைக்கு 50 கிலோமீட்டர், ஏறத்தாழ 2.8 லிட்டர் டீசல், ஏழரைக் கிலோ கரியமில வாயு. அந்த நடையில் வேறு சரக்கும் ஏறும்தான், ஆனால் பாதி காலியாக ஓடும் வண்டிகள் பெருகுவது இப்படித்தான். பத்து நிமிட டெலிவரியில் இது உச்சத்துக்குப் போகிறது. ஒரு பைக், பெரும்பாலும் ஒரே பை, போய் ஒரு நடை, வந்து ஒரு நடை. கிளார்க்–ரைட் கணக்கில் சேர்ப்பதற்கு ஜோடியே இல்லை; மிச்சம் பூஜ்யம். அந்தப் பைக்கை ஓட்டும் பையனின் உயிருக்கு இந்த அவசரம் வைக்கும் விலையையும் மறக்க முடியவில்லை. எதுவும் மாறாமல் இப்படியே போனால் 2030க்குள் உலகின் முதல் நூறு நகரங்களில் டெலிவரி வண்டிகள் 36 சதவீதம் பெருகும் என்று உலகப் பொருளாதார மன்றத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. பொருள்களைச் சேர்த்து அனுப்பாமல் பிரித்துப் பிரித்து அனுப்பும் வழக்கத்துக்கு அந்தப் பெருக்கத்தில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நம் மொத்த வியாபாரத்தில் இதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு லைன், செவ்வாய்க்கிழமை ஒரு லைன் என்று பகுதி பிரித்து, முதல் நாள் சேல்ஸ்மேன் ஆர்டர் எடுத்து, மறுநாள் வண்டி சரக்கு இறக்கும் ஏற்பாடு கணினிக்கு முன்பே நல்ல சுற்றுத் திட்டம்தான். போட்டிக்குப் பயந்து "போன் போட்டால் வண்டி வரும்" என்று ஏஜென்சிகள் இறங்கியபோதுதான் அது கலைந்தது. லைன் நாளைக் கைவிட்டால்தான் கடைகள் நம்மிடம் நிற்கும் என்பது வெறும் பயம். சொன்ன செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்தில் வண்டி வந்துவிட்டால் பெரும்பாலான மளிகைக் கடைக்காரர்கள் உடனே வேண்டும் என்று கேட்பதில்லை. சரக்கு வருமா வராதா என்ற சந்தேகத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஒரே தெருவில் வெவ்வேறு நாள் வைத்திருக்கும் கடைகளிடம் பேசி நாளை மாற்றச் சொல்லலாம். சம்மதிப்பவருக்கு மிச்சமாகும் டீசல் பணத்திலிருந்து சிறிய தள்ளுபடி கொடுக்கலாம். உண்மையிலேயே காத்திருக்க முடியாத சரக்கு கொஞ்சம் இருக்கும், மருந்து போல. அதற்கு ஒரு பைக்கைத் தனியாக ஒதுக்கிவிட்டால், நாற்பது கடைச் சுற்றை அதற்காகக் கலைக்க வேண்டியிருக்காது.