சுற்றுலாப் பயணி ஊருக்கு என்ன தருகிறார்?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா செல்லும் நம்மவர்களிடம் ஒரு பழக்கத்தைக் காணலாம். வார இறுதி வந்தால் மலிவு விமானத்தில் ஏறி, இரண்டு நாளில் இரண்டு நகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எத்தனை இடம் பார்த்தோம் என்பதுதான் கணக்கு. நாம் போனதால் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது, பிரான்சின் தென்மேற்குக் கிராமப்புறத்தில் மோட்டார்ஹோமில் கழித்த ஒரு சனிக்கிழமை. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த அந்த வண்டி, என் வகுப்புத் தோழியின் பெற்றோருடையது. புறப்படும்போது அதன் குளிர்பதனப் பெட்டி காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “போகும் ஊர்களில் கடை இருக்கிறதே. அங்கே வாங்கினால்தான் அடுத்த ஆண்டும் அது இருக்கும்,” என்றார் தோழியின் அம்மா.

காலையில் சார்லா நகரச் சந்தையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கினோம். பிற்பகலில் கொலோஞ்ச் லா ரூஜ் கிராமத்துக்குச் சென்றோம். அங்கு வீடு, தேவாலயம், கோபுரம் எல்லாமே சிவப்பு மணற்கல். ஏறக்குறைய 500 பேர் வாழும் இவ்வூரின் மேயராக இருந்த ஷார்ல் செராக் 1982ல் தொடங்கியதுதான் ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற அமைப்பு. அதில் சேர, ஊரின் மக்கள்தொகை 2,000ஐத் தாண்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆள் குறைந்துவரும் கிராமங்களுக்கு உயிரூட்டுவதே அதன் நோக்கம்.

பிரான்சில் ஏறத்தாழ 35,000 உள்ளாட்சிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அத்தகைய ஊரில் இருக்கும் ஒரே ரொட்டிக் கடையும் மூடப்பட்டால், முதியவர்கள் ரொட்டிக்காக அடுத்த ஊருக்குக் காரில் போக வேண்டும்.

மாலையில், மோட்டார்ஹோம்களுக்கென்றே உள்ளாட்சி அமைத்திருந்த சேவை இடத்தில் வண்டியை நிறுத்தினோம். குடிநீர் நிரப்பினோம், பாத்திரம் கழுவிய நீரை வடிகாலில் விட்டோம். கழிவறைப் பெட்டியைத் தோழியின் அப்பாவே தூக்கிச் சென்று, அதற்குரிய தொட்டியில் கொட்டிக் கழுவினார்.

இரவு ஒரு வால்நட் தோட்டத்தில் தங்கினோம். ‘பிரான்ஸ் பாசியோன்’ என்ற திட்டத்தில் இணைந்துள்ள விவசாயிகள், உறுப்பினர்களின் வண்டிகளைத் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த அனுமதிக்கிறார்கள். எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் தோழியின் அம்மா இரண்டு புட்டி வால்நட் எண்ணெய் வாங்கினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டையே கூடக் கொண்டுபோகிறவருக்கு ஊரின் தயவு தேவையில்லை. பேரங்காடியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராக இலவசமாக உறங்கி, படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் பல வாகன நிறுத்துமிடங்களின் நுழைவாயிலில், உயரமான வண்டிகள் வராதபடி குறுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதற்காக ஊர்க்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வண்டிதான், அதில் வருபவர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் ஊருக்கு நன்மையா, தொல்லையா என்பது இருக்கிறது.

மோட்டார்ஹோம் வாடகை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. டீசலும் நிறையச் செலவாகும். எனவே எல்லாரும் அதில்தான் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களும் இதே மாதிரி நடந்துகொள்ளலாம். அடுத்த பயணத்தில் ஒரு நகரத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு சிற்றூரில் ஓரிரவு தங்கிப் பாருங்கள். பையில் இருக்கும் கப் நூடல்ஸ் மறுநாளைக்கு இருக்கட்டும். அவ்வூர் ரொட்டிக் கடைக்குள் ‘போன்ஜூர்’ என்று சொல்லியபடி நுழைந்து, அன்றைய ரொட்டியை அங்கேயே வாங்குங்கள்.