வாக்குப்பெட்டியை எடுத்துச் சென்றவர்கள்

மார்க்சியர்களுக்கு மக்களாட்சி ஆகாது, முதலீடு பெருகினால் மக்களாட்சி தானே வளரும் என்ற கூற்றை நம்மில் பலர் ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறோம். பினாங்கின் பத்து காவானில் இதை நம்புவது இன்னும் எளிது. தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014இல் பினாங்குத் தீவுக்கான இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. ஆனால் குப்பை அள்ளுவது முதல் கட்டட அனுமதி வரை முடிவெடுக்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கு இங்குள்ளவர்கள் ஓர் உறுப்பினரைக்கூட வாக்களித்து அனுப்ப முடியாது. அத்தனை பேரும் நியமன உறுப்பினர்கள். வாக்களிக்கும் இந்த உரிமை பினாங்கு மக்களிடம் இருந்து பறிக்கப்பட்டது.

மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951இல் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1957இல் அந்நகரின் முதல் மேயரானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். பிறகு தொழிற்கட்சி இடம்பெற்ற சோசலிச முன்னணி வாக்குப்பெட்டி வழியாகவே அம்மன்றத்தை வென்று நடத்தியது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே மோதல் முடிந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை, மன்றத்தின் அதிகாரங்களும் மாநில அரசின் கைக்குப் போயின. ஊராட்சிகள் குறித்து அரசே அமைத்த விசாரணை ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தார். அது ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநில அரசு அதை மீட்க எடுத்த முயற்சியையும் 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தொழிற்கட்சியினர் மிதவாத சோசலிஸ்டுகள், அவர்களை மார்க்சியக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். தொடக்க காலத்துக்கு அது பொருந்தும். அறுபதுகளில் கட்சி இடப்பக்கம் நகர நகர, விசாரணையின்றிச் சிறைப்பட்ட அதன் தொண்டர்கள் பெருகினர். 1969 பொதுத்தேர்தலை அக்கட்சி புறக்கணித்தது பெரும் பிழை என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஊராட்சி வாக்கு பறிபோயிருந்தது.

மலாயாக் கம்யூனிஸ்டுகள் வாக்கை விட்டுத் துப்பாக்கியைத்தானே எடுத்தார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. எடுத்தார்கள்; அதற்கு மக்கள் கொடுத்த விலையும் கொடியது. அதற்கு முன் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1947இல் இடதுசாரிகளும் பங்கேற்ற கூட்டணி, மலாயாவைத் தாயகமாகக் கொண்ட அனைவருக்கும் குடியுரிமையும் மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றமும் கேட்டது. அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தாலும் நடத்தியது. ஆங்கில அரசு கொடுத்ததோ முழுக்க நியமன உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றம். 1948 ஜூனில், அவசரகாலப் பிரகடனத்துக்குச் சில நாள்கள் முன்பே, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். ஆயுதப் போரை இது நியாயப்படுத்தாது. ஆனால் வெளிப்படையான அரசியலுக்கான வழியை அடைத்தது யார் என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

பிற நாடுகளிலும் மார்க்சியர்கள் அனைவரும் ஒரே வழியில் நடக்கவில்லை. ரஷ்யாவில் 1918இல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தவர்கள் மார்க்சியர்களே. அதைக் கடுமையாகக் கண்டித்த ரோசா லக்சம்பர்க்கும் மார்க்சியர்தான். கேரளத்தில் 1957இல் தேர்தலில் வென்று வந்த கம்யூனிஸ்டு அரசை 1959இல் கலைத்தது இந்திய மத்திய அரசு. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் ஆண்ட இடது முன்னணி 2011இல் தோற்றதும் பதவியிலிருந்து இறங்கியது.

முதலீடு மக்களாட்சியைக் கொண்டுவரும் என்பதற்குப் பினாங்கே எதிர்ச்சான்று. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. ஊராட்சித் தேர்தலைச் சட்டம் ஒழித்ததும் அதே பத்தாண்டில்தான். மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் கேட்டபோது, 1988இல் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்காகப் பன்னாட்டு நிறுவனங்களின் முதலீடு நிற்கவில்லை.