விதைக்கு வைத்த முறையைப் பானைக்கும் வையுங்கள்

நான் ஏர் பிடிப்பவள் இல்லை. காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் சக்கரத்தில் வனைவார். தட்டுப்பலகையால் தட்டி அடி கூட்டுவது, நிழலில் காயவைப்பது, சூளை அடுக்குவது எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து. திருவிழாவுக்குக் கொண்டுபோய் விற்பது மட்டும் முழுக்க என் வேலை. இருபத்தாறு வருஷமாகத் தரையில் சாக்கு விரித்து விற்கிறேன். அந்த அனுபவத்தில் இயற்கை வேளாண்மை இயக்கத்தாரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. உரிமையோடு சொல்கிறேன்.

எங்களுக்கு நாள்காட்டி என்பதே திருவிழா வரிசைதான். தையில் பொங்கல் பானை. மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் கூட்டம். சித்திரா பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு. ஆடியில் கூழ்ப்பானை, ஆவணியில் களிமண் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல். நடுவில் அடைமழை வந்துவிட்டால் மண் காயாது, எங்கள் வயிறுதான் காயும். அந்த மழை நாளுக்கென்று வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. அது அரிசிக்குச் சரியாகிவிடும், விறகுக்குக் காணாது.

இதில் எனக்குக் கைகொடுப்பது குடியாத்தம் சிரசுதான். கத்திரி வெயில் நேரம். சிரசு ஊர்வலம் பார்க்க ஜனம் ஆறு போல வரும். அன்றைக்குத் தண்ணீர்ப் பானை நிற்காமல் போகும்.

"இன்னாம்மா, பானை இருநூத்தம்பதா? மண்ணு தானே!"

"மண்ணு தான் சாமி. மிதிச்ச காலு என்னுது."

சிரித்துக்கொண்டே இருபது ரூபாய் குறைத்துக் கேட்பார்கள். பத்து ரூபாய் குறைப்பேன். பானையைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் எடுப்பார்கள், பொத்தென்றால் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பானை தெரியும். பாட்டி வீட்டில் பார்த்தவர்கள், இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள். பேரம் பேசினாலும் வாங்கிப்போய்ப் புழங்குவார்கள்.

கோயில் திருவிழா என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். பல ஊர்களில் சுங்கம் ஏலம் எடுத்தவர் வந்து நிற்பார். ஒரே இடத்துக்குக் காலையில் ஒருத்தர், மாலையில் ஒருத்தர் காசு கேட்பார்கள். ரசீது கேட்டால் "இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்பார்கள். தெரு வியாபாரிகளைக் காப்பாற்ற 2014-ல் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள் வந்து சாக்கு விரிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு அந்தக் குழு எங்கே கூடுகிறது என்பதே தெரியாது.

இனி உங்கள் சந்தைக்கு வருகிறேன்.

போன வருஷம் ஓர் ஊரில், கல்லூரி மைதானத்தில் ரெண்டு நாள் இயற்கைச் சந்தை. எந்த ஊர், யார் நடத்தியது என்பதை விடுங்கள். நல்ல மனிதர்கள். "அக்கா, நீங்க கட்டாயம் வரணும், மண்பானை இல்லாம நம்ம சந்தை நிறையாது" என்று ரெண்டு தடவை போன் பண்ணிக் கூப்பிட்டார்கள். கடை வாடகை 2,000 முன்பணம். வண்டி வாடகை போகவர 3,500. சாப்பாடு, கூலி 600. மொத்தம் 6,100 ரூபாய். விற்றது 4,700. கைநட்டம் 1,400. வழியில் உடைந்த பதினொரு பானை இந்தக் கணக்கில் சேரவில்லை.

வந்தவர்கள் நிறையப் பேர். பானையோடு நின்று போட்டோ எடுத்தார்கள். "எங்க பாட்டி இதிலதான் மீன் குழம்பு வைப்பாங்க" என்று கண் கலங்கச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் தேன் வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் என்னை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மனசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வண்டிக்காரர் வாடகைக்குப் பொன்னாடையை எடுத்துக்கொள்ள மாட்டாரே.

எதிர்வரிசையில் ஒருவர் பளபளவென்று பானை வைத்திருந்தார். எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி வார்னிஷ் அடித்தது. என்னிடம் 250 ரூபாய்க்கு இருக்கிற அளவு அவரிடம் 900. அதுதான் விற்றது. சந்தை நடத்தியவரே என்னிடம் வந்து, "அக்கா, அடுத்த தடவை கொஞ்சம் ஃபினிஷிங்கா கொண்டு வாங்களேன்" என்றார்.

இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். ரசாயனம் தொடாத அரிசியில் உமி ஒட்டியிருந்தால் அதை நல்ல அரிசி என்று சொல்லத் தெரிந்த நாம், பானையில் மட்டும் ஏன் பளபளப்பு தேடுகிறோம்? பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவது. வார்னிஷ் அந்தத் துளையை அடைத்துவிடும். பிறகு அது பானை உருவத்தில் இருக்கும் வெறும் பாத்திரம்தான். கறுப்புச் சட்டியும் அப்படித்தான். சாயம் பூசிக் கறுப்பாக்குவதில்லை. சூளை வெந்து முடிகிற நேரத்தில் பச்சைத் தழையும் சாணமும் போட்டு வாயை மண்ணால் மூடிவிட்டால், புகை வெளியே போக வழியில்லாமல் மண்ணுக்குள் ஏறிக் கறுக்கும். சந்தேகம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால் வாங்காதீர்கள். வெளிப்பக்கம் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் பானை, உருண்டு ஓடினால் பூச்சு. எங்கள் ஊரில் கண்ணாடிப் பூச்சு வைத்த ஜாடியும் செய்வதுண்டு. அது சூளைச் சூட்டில் உருகிப் பிடிப்பது, வேலையும் வேறு. நான் சொல்வது தூரிகையில் தடவுகிற வார்னிஷை.

அதே சந்தையில் ஒரு நல்லதும் நடந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். "கோணலா, வாய் சரியில்லாம கழிச்சுப் போட்ட பானை இருக்கா?" என்று கேட்டார். எனக்கு முதலில் கிண்டல் மாதிரிப் பட்டது. அவர் விளக்கினார். மாங்கன்றுக்குப் பக்கத்தில் பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், கசிவு மெல்ல மெல்ல வேருக்குப் போகும். கோடையில் கன்று பிழைக்க அது போதும். மண்ணுக்குள் போகிற பானைக்கு அழகு எதற்கு? விரிசல் இல்லாமல் இருந்தால் சரி. நாற்பது பானை பாதி விலைக்கு வாங்கினார். சூளைக்கு நாலு பானை கோணலாவது எப்போதும் உண்டு. இத்தனை வருஷம் அதை உடைத்துத்தான் போட்டிருக்கிறேன். ரெண்டு நாள் சந்தையில் எனக்கு உண்மையான வியாபாரம் என்றால் அந்த ஒருத்தர்தான். அவர் பானையை அலங்காரமாகப் பார்க்கவில்லை, இடுபொருளாகப் பார்த்தார்.

உழவருக்கும் குயவருக்கும் உறவு பானையில் தொடங்கவில்லை, ஏரியில் தொடங்குகிறது. மேலே படிகிற வண்டல் உங்கள் வயலுக்கு. அதற்கு அடியில் பிசுபிசுவென்று இருக்கிற களி எங்களுக்கு. 2024-ல் அரசு வண்டல், களிமண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே தரலாம் என்று எளிதாக்கியது. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் ஜேசிபி இறங்கினால் வண்டல், களி, சவுடு என்று பிரித்தா அள்ளுகிறது? எல்லாம் ஒன்றாகக் கலந்து டிப்பரில் ஏறுகிறது. செங்கல் சூளைக்கும் அதே மண்தான் போகிறது. நாங்கள் மனு எழுதிப் போய்ச் சேர்வதற்குள் களி காலி.

தோல் பதனிடும் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே சொன்ன தீர்ப்பு. 2025 ஜனவரியிலும் நட்டஈட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவு. உழவருக்குக் கிணறு உப்பானது, தென்னை காய்ந்தது, அது கணக்கில் வந்தது. உப்பேறிய மண்ணில் பானை செய்தால் என்ன ஆகும் தெரியுமா? சூளையிலிருந்து எடுக்கும்போது மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். திருவிழாவில் அதை யாரும் தொட மாட்டார்கள். நாங்கள் ஒரு ஏரி மண்ணை அதனாலேயே கைவிட்டு, தூரத்திலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவருகிறோம். அதே ஊர்களில் தைக்கிற ஷூவைக் கடையில் போட்ட விலைக்கு வாங்குகிறோம். பானையிடம் மட்டும்தான் பேரம்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் இயக்கத்திலேயே வழி இருக்கிறது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஐயா என்ன செய்தார்? ரெண்டு கிலோ விதை கொடுத்தார். முன்பணம் கேட்கவில்லை. விளைந்தபின் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு என்றார். அந்த முறையால்தான் எத்தனையோ பாரம்பரிய நெல் மறுபடியும் வயலுக்கு வந்தது. அந்த முறையை எங்கள் கடைக்கும் வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. முன்பண வாடகை வேண்டாம். விற்று முடிந்த பிறகு நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக விற்றால் 2,000-க்கு மேலேகூடக் கிடைக்கும். பந்தலுக்கும் மைதானத்துக்கும் செலவாகிறதே என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இலவசமாகக் கேட்கவில்லை. கணக்கை மறைப்பார்கள் என்று பயமிருந்தால் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு ரசீதுப் புத்தகம் போடுங்கள். சுங்கக்காரரிடம் ரசீது கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் நாங்கள். ரசீதுக்கு நாங்கள் பயப்பட மாட்டோம்.

ரெண்டாவது, கடை கொடுக்கும்போது செய்கிறவருக்கு முதலிடம் கொடுங்கள். வாங்கி விற்பவர் வரக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே செய்தது, பூச்சு உண்டா இல்லையா என்று அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அரிசிக்குக் கேட்கிற கேள்விதானே இது.

மூன்றாவது, உங்கள் ஊர் ஏரியில் மண் எடுக்க மனு போடும்போது பக்கத்துக் குயவரையும் கூப்பிடுங்கள். மேல் வண்டலை அள்ளியதும் ஒரு நாள் ஜேசிபியை நிறுத்தி வைத்தால் போதும், எங்கள் களியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பொங்கல் பரிசுத் தொகுப்பில் பானையும் அடுப்பும் சேர்க்க வேண்டும் என்று குயவர்கள் பல வருஷமாகக் கேட்கிறோம். கரும்புக்கு உழவர் கேட்டபோது அரசு காது கொடுத்தது. பானைக்கும் உழவர் சேர்ந்து கேட்டால் சத்தம் இன்னும் தூரம் போகும்.

கடைசியாக ஒன்று. வாங்கினால் புழங்குங்கள். புதுச் சட்டியை மூணு நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவையுங்கள். முதலில் கஞ்சி காய்ச்சுங்கள். அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள், சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள். வருஷக்கணக்கில் உழைக்கும். விதைக்கும் பானை வையுங்கள், கன்றுக்கும் பானை புதையுங்கள். கண்ணாடி அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த சந்தைக்கு யார் கூப்பிட்டாலும் வருகிறேன். கோணல் பானையும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். வாடகையை மட்டும் மாலையில் கேளுங்கள்.